இச்சிரோவின் கடைசி இரவு: ஒரு ஹிட்கூட இல்லை, அப்புறம் ஏன் அத்தனை பேர் அழுதார்கள்?

வலதுகளம்:

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய வீடியோ ஒன்றைத் தேடிப் போட்டேன். 2019 மார்ச் 21, டோக்கியோ டோம், சியாட்டில் மரினர்ஸும் ஓக்லாந்து அத்லெட்டிக்ஸும் ஆடிய பேஸ்பால் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் சியாட்டிலின் ஜப்பானிய நட்சத்திரம் இச்சிரோ சுசுகி ஒரு தரைப்பந்தைத் தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடுகிறார். வயது 45. இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட் ஸ்டாப் மார்கஸ் செமியன் பந்தைப் பொறுக்கி எறிகிறார். மயிரிழையில் அவுட். அவர் மட்டை பிடித்தது அதுதான் கடைசி.

அழுகை வந்தது அதற்கு அப்புறம்தான். இன்னிங்ஸ் மாறியதும் வழக்கம்போல கையுறையை மாட்டிக்கொண்டு ரைட் ஃபீல்டுக்கு, அதாவது வலப்பக்க வெளிக்களத்துக்கு, போகிறார். போய் நின்ற பிறகு மேனேஜர் ஸ்காட் சர்வைஸ் அவரைத் திரும்பக் கூப்பிடுகிறார். தொப்பியைக் கழற்றிக் கையை ஆட்டியபடி நடந்து வருகிறார். டக்அவுட் வாசலில் ஒருவர் பின் ஒருவராகக் கட்டிப்பிடிக்கிறார்கள். அமெரிக்கப் பெரிய லீகில் அன்றுதான் முதன்முதலாகப் பந்து வீசிய யுசெய் கிக்குச்சி குழந்தை மாதிரி தேம்புகிறார்.

முந்தின நாள் ஆட்டத்தையும் சேர்த்து இரண்டு ஆட்டத்தில் ஐந்து முறை ஆடி ஒரு ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைத் தொடுவது) இல்லை. இருந்தும் நான் பார்த்த வழியனுப்பல்களிலேயே இதுதான் உசத்தி. ஒத்துக்கொள்ளாதவர்கள் வரலாம்.

டெஸ்ட்_பைத்தியம்:

வந்துட்டேன். பேஸ்பால் எனக்கு அரைகுறைதான், தப்பா சொன்னா திட்டாதீங்க.

ஒண்ணு புரியல. காலியில முரளி 792ல ஆரம்பிச்சு, கடைசி டெஸ்ட்ல எட்டு விக்கெட் எடுத்து, கணக்கா 800ல முடிச்சாரு பாருங்க, அது வழியனுப்பல். ஓவல்ல பிராட்மேன் ரெண்டாவது பந்துல டக் அவுட் ஆனது சோகம், சரி, அதுலயும் ஒரு கதை இருக்கு. நாலு ரன் எடுத்திருந்தா சராசரி 100. இங்க என்ன கதை? ஒரு மனுஷன் ஒண்ணும் அடிக்கல, ஃபீல்டிங்குக்குப் போனாரு, உடனே கூப்பிட்டாங்க, வந்தாரு. இதுக்கு எதுக்கு அவரை அங்க வரைக்கும் அனுப்பணும்? டக்அவுட்லயே உக்காரவெச்சிருக்கலாமே?

வலதுகளம்:

நல்ல கேள்வி. விஷயமே அங்கேதான் இருக்கு.

பேஸ்பாலில் ஒருவரை மாற்றிவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது. ஐபிஎல்லில் இம்பாக்ட் பிளேயருக்காக வெளியே போனவர் திரும்ப முடியாது இல்லையா, அந்த மாதிரி. கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனை வெளியே அனுப்புவது எதிரணிப் பந்துவீச்சாளர். இங்கே சொந்த மேனேஜர். அவர் கை காட்டினால் முடிந்தது.

டக்அவுட்டில் உட்காரவைத்து இன்னொருவரை அனுப்பியிருந்தால், கூட்டத்துக்கு ரைட் ஃபீல்டில் வேறு முகம் தெரிந்த பிறகுதான் விஷயமே உறைக்கும். அதனால் முதலில் அவரை அவருடைய இடத்துக்கு அனுப்புவார்கள். இருபது வருஷம் நின்ற புல். அங்கிருந்து தனியாக நடந்து வரவேண்டும். அந்த நடைக்கு எந்த ஸ்கோர் அட்டையிலும் கட்டம் கிடையாது.

முதல் நாள் ஆட்டத்திலும் நாலாவது இன்னிங்ஸில் இதையே செய்தார்கள். ஆனால் ஓய்வுச் செய்தி கசிந்தது இரண்டாம் நாள் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதுதான். அதனால் இந்த முறை அரங்கம் முழுவதற்கும் அர்த்தம் தெரியும்.

பழைய_ஸ்கோர்புக்:

இந்தச் சடங்கு இச்சிரோவுக்காகக் கண்டுபிடித்ததல்ல. பாஸ்டனில் சில காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1960 செப்டம்பர் 28, ஃபென்வே பார்க். மேகமூட்டமான புதன்கிழமை. வந்திருந்தவர்கள் 10,454 பேர். அரங்கில் மூன்றில் ஒரு பங்கு தேறாது. வில்லியம்ஸுக்கு 42 வயது. இரண்டு போர்களில் விமானியாகப் பணியாற்றியதில் ஐந்து சீசன்கள் ஏறக்குறைய மொத்தமாகப் போனவர். எட்டாவது இன்னிங்ஸில் பால்டிமோரின் ஜாக் ஃபிஷர் வீசிய பந்தை அடித்தார், வேலி தாண்டி ஹோம்ரன். அவருடைய 521ஆவது. கூட்டம் எழுந்து கத்துகிறது. தலை குனிந்தபடியே பேஸ்களைச் சுற்றி வந்து டக்அவுட்டுக்குள் போய்விட்டார். தொப்பியைத் தொடவில்லை. பாஸ்டன் ரசிகர்களுடன் அவருக்கு நெடுநாள் ஊடல். தொப்பியைத் தொடுவதில்லை என்று இளவயதிலேயே முடிவு செய்தவர்.

ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மேனேஜர் அவரை லெஃப்ட் ஃபீல்டுக்கு அனுப்பினார். போய் நின்றதும் பின்னாலேயே காரல் ஹார்டி என்பவரை அனுப்பி இவரைத் திரும்பக் கூப்பிட்டார். இன்னொரு முறை கைதட்ட வாய்ப்பு, இன்னொரு முறை தொப்பியைத் தொட வாய்ப்பு. அப்போதும் தொடாமலேயே ஓடி வந்தார். நியூயார்க்கில் இன்னும் மூன்று ஆட்டங்கள் பாக்கி இருந்தன. போகவில்லை.

ஆக, டெஸ்ட் தம்பி கேட்ட மாதிரிக் கதையும் எங்களிடம் உண்டு. கடைசி அடியே ஹோம்ரன். ஆனாலும் எனக்கு மனதில் நிற்பது அந்த லெஃப்ட் ஃபீல்டு ஓட்டம்தான்.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டால் நான் கணக்கைச் சொல்கிறேன்.

2018இல் இச்சிரோ 44 முறை ஆடி 9 ஹிட். சராசரி .205. மே மாதத் தொடக்கத்திலேயே ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து எடுத்து, நிர்வாகத்தில் ஏதோ ஆலோசகர் பதவி கொடுத்தார்கள். 2019 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் 25க்கு 2. வேறு எவனாவது 25க்கு 2 எடுத்திருந்தால் விமான நிலையத்துக்கு டாக்சி பிடித்துக் கொடுத்திருப்பார்கள். இவரை டோக்கியோவுக்கு விமானம் ஏற்றினார்கள். ஏன்? சீசன் ஜப்பானில் தொடங்குகிறது, டிக்கெட் விற்க வேண்டும். இதில் உன்னதம் எங்கே இருக்கிறது? வியாபாரம் அய்யா.

பந்துவீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸைப் பாருங்கள். 1966இல் 27 வெற்றி, அந்த வருஷமே முழங்கை போதும் என்றது, 30 வயதில் எழுந்து போனார். அதற்குப் பெயர் ஓய்வு.

வலதுகளம்:

வியாபாரம் இல்லை என்று நான் சொல்லவே இல்லையே. ஆனால் இரண்டு விஷயம்.

அந்த ஜப்பான் பயணத்துக்கு மட்டும் ஒவ்வொரு அணியும் 28 பேரைக் கூட்டிப்போக அனுமதி. அவர் போனதால் யாரும் பிழைப்பை இழக்கவில்லை.

அப்புறம், ஆலோசகர் ஆன பிறகும் மனுஷன் என்ன செய்தார்? 2018 முழுவதும் அணியோடு வந்து தினமும் பயிற்சி செய்தார். ஆட்டம் தொடங்கும்போது பெஞ்சில் உட்காரக்கூட விதி இடம் கொடுக்காது. ஆடப்போவதில்லை என்று தெரிந்தே மாதக்கணக்கில் தினமும் மட்டையைத் தூக்கியவருக்கு ஐந்து முறை வாய்ப்புக் கொடுத்தார்கள். இதைத் தர்மம் போட்டது என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பனங்கொட்டை:

ஸ்காபரோவிலை இருந்து எழுதுறன். இஞ்சை ரொறொன்ரோ அணி புளூ ஜேஸ் பைத்தியம் எங்கடை சனத்துக்கும் தொத்திப் போச்சு. 93இலை ஜோ கார்ட்டர் கடைசிப் பந்தை வெளியிலை அடிச்சு உலகத் தொடரை வெண்டது நான் வந்து கொஞ்ச நாளிலை. என்ன விளையாட்டு எண்டே விளங்காமல் பக்கத்து வீட்டுக்காரரோடை சேர்ந்து றோட்டிலை நிண்டு கத்தினது ஞாபகம் இருக்கு.

இச்சிரோ அண்ணையின்ரை 4,000ஆவது ஹிட்டும் எங்களுக்கு எதிராத்தான் வந்தது. 2013 ஓகஸ்ட், அப்ப அவர் நியூயோர்க் யாங்கீஸிலை, யாங்கி ஸ்டேடியம், பந்து போட்டது எங்கடை டிக்கி. ஜப்பானிலை அடிச்சது 1,278, மிச்சம் அமெரிக்காவிலை. ரெண்டையும் கூட்டலாமோ எண்டு அப்பவும் சண்டை, இப்பவும் சண்டை. ஆனா அண்டைக்கு யாங்கீஸ் பெடியள் முழுப்பேரும் டக்அவுட்டிலை இருந்து இறங்கி முதல் பேஸுக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிச்சவங்கள். அவங்கள் கூட்டித்தான் பாத்தவங்கள்.

எனக்கு இப்ப நோகிற விசயம் வேறை. 2025 செப்டம்பரிலை பந்து போடுற கெர்ஷாவை லொஸ் ஏஞ்சலஸிலை அழகா வழியனுப்பினாங்கள் எல்லே? அஞ்சாவது இன்னிங்ஸிலை ஒருத்தனை அவுட் ஆக்கிப்போட்டு, மேனேஜர் வந்து பந்தை வாங்கினார், கட்டிப்பிடிச்சினம், சனம் அழுதது. சரி, முடிஞ்சுது எண்டு நானும் நினைச்சன். ஒக்டோபரிலை உலகத் தொடர் மூண்டாவது ஆட்டம். ஒன்பதிலை முடியவேண்டிய ஆட்டம் 12ஆவது இன்னிங்ஸ், மூண்டு பேஸிலையும் எங்கடை ஆக்கள். கதவைத் திறந்துகொண்டு ஆர் வாறது? கெர்ஷா! ஒரே ஒருத்தன், தரைப்பந்து, அவுட். அந்த ஆட்டம் 18 இன்னிங்ஸ் போய் நாங்கள் தோத்தம். பிறகு ஏழாவதும் தோத்தம். வழியனுப்பினவனைத் திருப்பிக் கூப்பிடக்கூடாது எண்டு ஒரு விதி வேணும். 😭

டெஸ்ட்_பைத்தியம்:

@பனங்கொட்டை அண்ணே, சிரிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க.

பனங்கொட்டை:

சிரியுங்கோ சிரியுங்கோ. சென்னை இறுதியாட்டத்திலை தோக்கேக்கை நானும் வாறன்.

ஓசாகா_இட்லி:

கொஞ்சம் லேட்டா வந்திருக்கேன். ஜப்பான் பக்கத்துல இருந்து ரெண்டு வார்த்தை.

சுசுகிங்கிறது இங்க நம்ம ஊர் குமார் மாதிரி. தெருவுக்கு நாலு பேர். அவர் ஓரிக்ஸ் அணிக்கு ஆடினப்போ 1994ல மேனேஜர் ஓகி அகிராதான், குடும்பப் பேர் வேணாம், வெறும் இச்சிரோன்னு பதிவு பண்ணுன்னாரு. அந்த வருஷமே 130 ஆட்டத்துல 210 ஹிட். ஜப்பான் லீகில அதுவரைக்கும் யாரும் 200 தொட்டதில்ல. அதுக்கப்புறம் பேர் ஒட்டிக்கிச்சு.

95 ஜனவரியில கோபேல நிலநடுக்கம். 6,000 பேருக்கு மேல செத்தாங்க. ஓரிக்ஸோட சொந்த ஊர் அதுதான். சட்டைக் கையில "கன்பாரோ கோபே"ன்னு தச்சுக்கிட்டு ஆடினாங்க. தளராம நிப்போம் கோபேன்னு வெச்சுக்கலாம். அந்த வருஷம் லீகை ஜெயிச்சாங்க, அடுத்த வருஷம் ஜப்பான் தொடரையே ஜெயிச்சாங்க. எங்க ஆபீஸ்ல ஒரு கோபேக்காரர் இருக்காரு, அம்பது தாண்டினவர். இச்சிரோ பேச்சு வந்தா ஹிட் கணக்கு எதுவும் பேச மாட்டாரு. அந்தச் சட்டையை மட்டும்தான் சொல்வாரு.

கடைசி ராத்திரி ஆட்டம் 12 இன்னிங்ஸ் இழுத்துச்சு. சியாட்டில் 5-4ன்னு ஜெயிச்சாங்க, அது யாருக்கும் ஞாபகம் இல்ல. முடிஞ்சும் கூட்டம் எழுந்து போகல. இச்சிரோ இச்சிரோன்னு கூப்பிட்டுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. மறுபடி வெளிய வந்து மைதானத்தைச் சுத்தினாரு. அப்புறம் நடு ராத்திரி பத்திரிகையாளர் சந்திப்பு, ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல. நான் படுக்கையில போன்ல பாத்துக்கிட்டே இருந்தேன், மறுநாள் காலைல ஒன்பது மணிக்கு மீட்டிங். அந்தக் கூட்டத்தைப் பாத்த பிறகு வருத்தம் எப்படி இருக்க முடியும்ங்கிற அர்த்தத்துல பேசினாரு. கடைசியில பசிக்குதுன்னும் சொன்னாரு. 😀 எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது.

கணக்குப்பிள்ளை:

கோபே விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி, இட்லி.

ஆனால் கணக்குப் பக்கமும் நியாயம் செய்யணும். என்னை இச்சிரோ விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். 2004இல் அவர் எடுத்த 262 ஹிட்டை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஜார்ஜ் சிஸ்லர் 1920இல் எடுத்தது 257. அப்போது சீசனுக்கு 154 ஆட்டம், இவருக்கு 162, இவர் ஆடியது 161. இதை வைத்துச் சிலர் நட்சத்திரக் குறி போட்டுப் பேசுவார்கள். 84 வருஷம் ஒருத்தரும் தாண்டாத எண்ணை ஆட்ட எண்ணிக்கை மட்டும் உடைத்துவிடாது. பாதி உள்களத் தரைப்பந்து என்றும் சொல்வார்கள். பந்து ஷார்ட் ஸ்டாப் கையில் சேர்வதற்குள் முதல் பேஸில் நிற்பதும் ஒரு வித்தைதான்.

சாதனை உடைந்த அன்று சியாட்டிலில் சிஸ்லரின் மகள் அரங்கில் இருந்தார். 2009இல் செயின்ட் லூயிஸ் போனபோது இச்சிரோ மனைவியோடு சிஸ்லர் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்தார். எண்ணை உடைத்தவன் எண்ணுக்குச் சொந்தக்காரனைத் தேடிப் போகிறான். இது எனக்குப் பிடிக்கும்.

என் வாதம் கடைசி இரண்டு வருஷத்தைப் பற்றி மட்டும்தான்.

பழைய_ஸ்கோர்புக்:

கணக்கு அய்யா, எப்போது போவது என்று கேட்டால் யாங்கீஸின் முதல் பேஸ்காரர் லூ கெரிக்கைத்தான் சொல்ல வேண்டும்.

1925இலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் 2,130. 1939 சீசன் தொடங்கியதும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. சாதாரணப் பந்துக்கே முதல் பேஸுக்குப் போய்ச்சேர நேரமாகிறது. என்ன நோய் என்று அவருக்கே தெரியாது; ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் என்று கண்டுபிடித்தது ஜூன் மாதம். அதற்கு முன்பே, மே 2ஆம் தேதி டெட்ராயிட்டில், மேனேஜர் ஜோ மெக்கார்த்தியிடம் தானே போய் என்னை எடுத்துவிடுங்கள் என்றார். மெக்கார்த்தி தானாக ஒருபோதும் எடுத்திருக்க மாட்டார்.

அணித்தலைவர் என்பதால் ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் கொடுக்க வேண்டியவரும் அவரே. தன் பெயர் இல்லாத தாளைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒலிபெருக்கியில் செய்தி சொன்னதும் எதிரணி ஊரே எழுந்து கைதட்டியது. அன்று முதல் பேஸில் நின்ற பேப் டால்கிரன் ஒரு ஹோம்ரன் அடித்தார். யாங்கீஸ் 22-2.

அந்த 2,130ஐ 1995இல் தாண்டிய பால்டிமோரின் கால் ரிப்கனும் அப்படித்தான். அவரை எடுக்கும் துணிச்சல் எந்த மேனேஜருக்கும் இல்லை. 1998 செப்டம்பர் 20, ஆட்டம் தொடங்கச் சற்று முன் மேனேஜரிடம் இன்று வேண்டாம் என்றார். 2,632இல் நின்றது. ரயன் மைனர் என்ற புதுப் பையன் மூன்றாம் பேஸில் நின்றான். முதல் அவுட் விழுந்த பிறகுதான் எதிரே இருந்த யாங்கீஸ் கவனித்தார்கள். மொத்த அணியும் டக்அவுட் படிக்கட்டுக்கு வந்து கைதட்டியது. எதிரணி!

டெஸ்ட்_பைத்தியம்:

இப்ப எனக்கு லேசா புரியுது. நான் கடைசி ஸ்கோரைத் தேடிக்கிட்டிருந்தேன். நீங்க எல்லாரும் யார் கூப்பிட்டா, யார் நடந்தான்னு பாக்குறீங்க.

பந்துவீச்சாளரையும் இப்படித்தான் எடுப்பாங்களா? மேனேஜர் நடந்து வந்து பந்தை வாங்குறதைப் பாத்திருக்கேன்.

வலதுகளம்:

ஆமாம். அதிலேயே உச்சம் யாங்கீஸ் பந்துவீச்சாளர் மரியானோ ரிவேரா. 2013 செப்டம்பர் 26, யாங்கி ஸ்டேடியம், எதிரணி டாம்பா பே. யாங்கீஸ் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆனதும் டக்அவுட்டிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். மேனேஜர் இல்லை. டெரெக் ஜெட்டரும் ஆண்டி பெட்டிட்டும். பதினெட்டு வருஷம் முன்னால் ஒன்றாக வளர்ந்த பையன்கள். பெட்டிட் வலது கையைத் தட்டி மாற்று ஆளைக் கேட்கும் சைகை காட்டுகிறார். ரிவேரா முதலில் சிரிக்கிறார். அப்புறம் பெட்டிட் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்முகிறார். 652 சேவ் (அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பது) எடுத்தபோதெல்லாம் முகத்தில் ஒரு கோடுகூட மாறாத மனுஷன்.

மேனேஜர் ஜிராடி முன்கூட்டியே நடுவர்களிடம் அனுமதி கேட்டு வைத்திருந்தார். அந்த ஏற்பாட்டுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

கணக்குப்பிள்ளை:

ரிவேரா பெயர் வந்ததால் ஒரு துணுக்கு. பேஸ்பாலின் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேமில் ஒரு ஓட்டுக்கூட சிந்தாமல் போனது அவர் ஒருவர்தான், 2019இல். 2020இல் ஜெட்டர் 397க்கு 396. 2025இல் இச்சிரோ 394க்கு 393. இரண்டு முறையும் ஒரே ஒரு மகானுபாவர் குத்தவில்லை.

தனக்குக் குத்தாத அந்த ஆள் வீட்டுக்கு வரட்டும், சேர்ந்து குடிப்போம் என்று இச்சிரோ ஜனவரியில் அழைத்தார். ஆள் வெளியே வரவில்லை. ஜூலையில் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன் மேடையில் ஆங்கிலத்திலேயே பேசினார். அந்த அழைப்பு காலாவதி ஆகிவிட்டது என்றார். வாழ்நாளெல்லாம் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேட்டி கொடுத்தவர் இவ்வளவு குறும்பை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று இருந்தது.

பனங்கொட்டை:

அந்த ஒருத்தன் நீங்கள்தானோ கணக்கர்? 25க்கு 2 எண்டு எழுதினதைப் பாத்தால் சந்தேகமாக் கிடக்கு.

கணக்குப்பிள்ளை:

எனக்கு ஓட்டு இருந்தால் போட்டிருப்பேன் அய்யா! டோக்கியோ டிக்கெட் மட்டும் வாங்கியிருக்க மாட்டேன்.

டெஸ்ட்_பைத்தியம்:

கடைசியா ஒண்ணு. பெரியவர் காரல் ஹார்டின்னாரு, டால்கிரன்னாரு, மைனர்னாரு. ஒருத்தர் வெளிய வந்தா இன்னொருத்தர் உள்ள போகணும்ல. டோக்கியோவுல அந்த ரைட் ஃபீல்டுக்கு ஓடினது யாரு?

வலதுகளம்:

பிரேடன் பிஷப். அவருக்குப் பெரிய லீகில் அதுதான் முதல் ஆட்டம். இச்சிரோ காலி செய்த இடத்தில்தான் நுழைந்தார்.

பழைய_ஸ்கோர்புக்:

அட, இதை நான் கவனித்ததே இல்லை.

டெஸ்ட்_பைத்தியம்:

நான் பாத்த துண்டு வீடியோ கட்டிப்பிடிக்கிறதோட முடிஞ்சிடுது. முழு ஆட்டமும் எங்கயாவது கிடைச்சா லிங்க் போடுங்க.

ஓசாகா_இட்லி:

எங்கிட்ட இருக்கு, தனிமடல்ல அனுப்புறேன். 12 இன்னிங்ஸ். காபி போட்டு வெச்சுக்கங்க.